கையில் இருந்த நூல்பெட்டி

அம்புறோஸ் பயந்த மனிதர். அதை அவரே சொல்லுவார், மறைக்கமாட்டார். பீலெஃபெல்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் பேருந்தில் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான் அவருக்கு வேண்டும். தமிழ்ப் பூசை நடக்கும் ஞாயிறுகளில் கடைசி வாங்கில், வாசலுக்கு நேராக உட்காருவார். கழிப்பறைக் கதவைப் பூட்டவேமாட்டார். இதனால் உறவினர் வீடுகளில் சில சங்கடங்கள் நேர்ந்த பிறகு, அவர் உள்ளே போனதும் வெளியே காவல் நிற்க மனைவி கொறற்றி பழகிக்கொண்டார்.

மன்னாரில் அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட இளைஞர்களோடு அவரையும் ஒரு பாடசாலை வகுப்பறையில் போட்டு வெளியே பூட்டினார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிடப்பட்ட சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அவருடைய பெயரைக் கூப்பிட முன்னர் பங்குத்தந்தை வந்து பேசி அவரையும் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடி விழவில்லை, உதை விழவில்லை. ஆனால் வெளிப்பக்கத்தில் பூட்டுத் திரும்பிய அந்தச் சத்தம் அவருடைய வயிற்றுக்குள் போய் இருந்துவிட்டது.

ஹெர்போர்ட்டுக்கு அருகே சமையலறை அலுமாரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளின் விளிம்பில் மரம் போலத் தெரிகிற நாடாவை ஒட்டும் இயந்திரத்தோடு நாள் முழுவதும் நிற்பார். அதனாலோ என்னவோ, உண்மையான மரத்தில் செய்த சின்னச் சாமான் எதையாவது கண்டால் கையில் எடுக்காமல் அவரால் இருக்க முடியாது. பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒருநாள் விரல் நீள ஊசிக்கூடு ஒன்று அகப்பட்டது. வெளிறிய மரம். அதில் கறுப்பு மையில் ஒரு கடற்கரையும் ஒரு பாலமும் குடைபிடித்த இரண்டு பெண்களும். மேலே தேன்நிறத்தில் வார்னிஷ்.

அது ஸ்கொட்லாந்துச் சாமான் என்று பிறகுதான் தெரியவந்தது. விக்டோரியா காலத்தில் ரயிலேறிக் கடற்கரைக்கும் மலைப்பக்கத்துக்கும் உல்லாசம் போகத் தொடங்கிய ஆட்கள், போய்வந்த ஊரின் படம் போட்ட இப்படியான பொருட்களை ஞாபகத்துக்கு வாங்கி வருவார்களாம். மொக்லின் என்ற சிற்றூரிலும் அதைச் சுற்றியும் ஊசிக்கூடு, முத்திரைப்பெட்டி, நூல்பெட்டி, நாப்கின் வளையம் என்று ஆயிரமாயிரமாகச் செய்து குவித்திருக்கிறார்கள். அம்புறோஸுக்கு அந்த எண்ணமே பிடித்துவிட்டது.

"ஏன் உந்தக் குப்பையள்?" என்று தூசி தட்டும்போதெல்லாம் கொறற்றி கேட்பார்.

"போன சனம் பத்திரமா வீட்டை திரும்பி வந்தபடியாத்தானே கொறற்றி உது இருக்கு" என்பார் அவர்.

ஃபிரௌ ஓஸ்டர்மானை அறிமுகப்படுத்தியதும் அந்த ஊசிக்கூடுதான். அவர் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது அது அம்புறோஸின் கையில் இருந்தது. எண்பதை நெருங்கிய, ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. ஒருகாலத்தில் ஹெர்போர்ட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பொத்தானும் நூலும் விற்கும் கடை வைத்திருந்தவர். பழைய நூல் கம்பனிகள் இப்படியான பெட்டிகளில் நூல் அடைத்து விற்றதை அறிந்து அவற்றைச் சேர்க்கத் தொடங்கியவர். "நீங்கள் முந்திவிட்டீர்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தன்னுடைய சேகரிப்பைப் பார்க்க வரச்சொல்லி அந்தக் கிராமத்து வீட்டு விலாசம் கொடுத்தார். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்புறோஸ் அங்கே போய்வந்தார். அவருடைய நீண்ட குடும்பப்பெயர் வாயில் நுழையாததால் "ஹெர் அம்புறோஸ்" என்றுதான் அந்த அம்மா கூப்பிடுவார். இருவரும் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, எந்த ஊர், எந்தத் தேவாலயம் என்று பேசுவார்கள். பீலெஃபெல்டுக்கு வெளியே அவர் பயமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே வீடு அதுதான்.

இந்த வருடம் கோடைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ளும் பயம் புகுந்தது. ஒருநாள் முத்திரைப்பெட்டி ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு நாள், இறந்து பல வருடமான கணவர் கார்ல் தோட்டத்தில் நிற்பதாக அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். அம்புறோஸ் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மாவின் அண்ணன் மகள் ஹைகேயை ஒரு பிறந்தநாளில் சந்தித்திருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தார். 'இவன் ஆர் எங்கடை குடும்ப விசயத்திலை தலைபோட? பெட்டியளிலை கண் வைச்சிட்டானோ?' என்று நினைத்துவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஜாக்கெட்டின் உள்பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு நாப்கின் வளையத்தோடு போனார். பான் நகரில் தாதியாக வேலை செய்யும் மகள் யூலியாவைப் பார்க்கப் போனபோது அங்கே சந்தையில் வாங்கியது. வளையத்தில் ரைன் நதிக்கரைக் கோட்டை ஒன்றின் படம். ஜேர்மனி ஊர்ப் படம் போட்ட சாமான் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையே என்று ஃபிரௌ ஓஸ்டர்மான் பல தடவை குறைப்பட்டிருந்தார். கோப்பி குடித்த பிறகு கொடுக்கலாம் என்று அம்புறோஸ் நினைத்திருந்தார்.

வாசலில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. "வாருங்கள், வாருங்கள். உங்களுக்குச் சூடான பால் வேண்டுமே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா குசினிக்குள் போனார். அம்புறோஸ் வரவேற்பறைக்குப் போனார். அலுமாரி திறந்தே இருந்தது. பக்கவாட்டுத் துளைகளால் நூல் வெளியே வரும்படி செய்த பெட்டி ஒன்றை எடுத்து, படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசற்பக்கம் நிழல் விழுந்தது. திரும்பினார். ஃபிரௌ ஓஸ்டர்மான் நின்றார். ஆனால் அந்த முகம் அவர் அறிந்த முகம் அல்ல. வாய் திறந்தபடி, கண்கள் அகன்று, சுவரோடு ஒட்டி நின்றார்.

"யார் நீங்கள்?"

அம்புறோஸ் பகிடி என்று நினைத்தார். "நான்தான், அம்புறோஸ்."

"அது என்னுடையது. அதை வையுங்கள். என் கணவர் வெளியே நிற்கிறார், அவரைக் கூப்பிடுவேன்."

"ஃபிரௌ ஓஸ்டர்மான், நான்..." என்று ஒரு அடி முன்னே வைத்தார். அது பிழையாகிவிட்டது. அந்த அம்மா அலறிக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினார். அந்தக் காலத்து வீடு. உள்கதவுகளிலும் பூட்டுத் துவாரத்தில் திறப்புகள் தொங்கும். வெளிப்பக்கத்தில் திறப்புத் திரும்பியது.

அம்புறோஸ் ஒரு அடி பின்வாங்கினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். காதுக்குள் கடல் இரைவதுபோல ஒரு இரைச்சல். இது பாடசாலை இல்லை, இது ஜேர்மனி, வெளியே நிற்பது ஒரு கிழவி, பயந்துபோன ஒரு கிழவி என்று தனக்குள் சொல்லிப்பார்த்தார். மூளை கேட்டது, உடம்பு கேட்கவில்லை. யாரோ இப்போது பெயர் வாசிக்கப்போகிறார்கள் என்று அது காத்திருந்தது.

யன்னலைப் பார்த்தார். திறக்கலாம். கீழே நிலம் மார்பளவு ஆழத்தில்தான். ஏறிக் குதித்தால் வெளியே போய்விடலாம். யன்னல் கைபிடியில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பட்டப்பகலில், இந்தச் சின்னக் கிராமத்தில், தனியாக இருக்கும் ஒரு முதியவளின் வீட்டு யன்னலால் ஒரு கறுத்த மனிதன் இறங்குகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கையை எடுத்துவிட்டார். பூட்டிய அறை ஒரு பயம், திறந்த யன்னல் அதைவிடப் பெரிய பயம்.

அப்போதுதான் மணம் வந்தது. முதலில் பால் பொங்கித் தீய்ந்த மணம். கொஞ்ச நேரத்தில் துணி எரியும் மணம்.

கதவைத் தட்டினார். "அடுப்பு! ஃபிரௌ ஓஸ்டர்மான், அடுப்பை நிறுத்துங்கள்!"

"போய்விடு!" என்று குசினிப் பக்கமிருந்து அழுகைக் குரல் வந்தது. அவர் தட்டத் தட்ட அந்தக் குரல் இன்னும் கூடுதலாக நடுங்கியது. தட்டுவதை நிறுத்தினார். கதவின் கீழ் இடுக்கால் சாம்பல்நிறப் புகை மெல்லிய நாடாவாக உள்ளே வந்தது.

கைத்தொலைபேசியை எடுத்து யூலியாவுக்கு அடித்தார்.

"அப்பா, நான் வேலையிலை. என்ன, அவசரமோ?"

"பிள்ளை, அந்த மனிசி என்னை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுது. ஆள் மாறிப்போச்சு, என்னைத் தெரியேல்லை. குசினியிலை நெருப்புப் பிடிக்குது போலை."

"உடனை நோட்ரூஃப் 112க்கு அடியுங்கோ. ஏன் எனக்கு அடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"அடிச்சாப் பொலிஸும் வரும் பிள்ளை. மனிசி என்னைக் கள்ளன் எண்டு கத்துது."

"வரட்டும் அப்பா!" யூலியாவின் குரலும் இப்போது நடுங்கியது. "அவ உள்ளுக்கை எரிஞ்சு போனா என்ன செய்வியள்? கட் பண்ணுறன். அடியுங்கோ."

அவர் 112க்கு அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவை. எதிர்ப்பக்கத்துக் குரல் அமைதியாகக் கேட்டது. எந்த இடம்? என்ன எரிகிறது? நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? ஏன் பூட்டியிருக்கிறது? இத்தனை வருடம் பேசிய ஜேர்மன் மொழி துண்டு துண்டாக வந்தது. விலாசத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"உங்களால் வெளியே போக முடியுமா?"

"யன்னல் இருக்கிறது."

"அப்படியென்றால் உடனே போங்கள்."

போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு அரசாங்கக் குரல் போகச் சொல்லிவிட்டது. அம்புறோஸ் யன்னலைத் திறந்து, யன்னல் விளிம்பில் ஏறி, கீழே குதித்தார். வலது கணுக்கால் மடங்கி ஈரப் புல்லில் விழுந்தார். எழுந்தபோது இலை வாரும் தடியோடு ஒரு பெரிய மனிதர் வேலிக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு டீக்மான். சனிக்கிழமைகளில் காரை நிறுத்தும்போது கண்டு தலையாட்டியதுண்டு, பேசியதில்லை.

டீக்மான் வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து அவருடைய கையை முறுக்கிப் பிடித்தார். "என்ன இது?"

அம்புறோஸ் தன்னுடைய கையைப் பார்த்தார். நூல்பெட்டி. இவ்வளவு நேரமும் அதை அவர் விடவில்லை.

அதே நேரத்தில் முன்கதவு திறந்து ஃபிரௌ ஓஸ்டர்மான் வெளியே ஓடிவந்தார். வீட்டுச் சப்பாத்து, மெல்லிய சட்டை. அவருக்குப் பின்னால் புகை. "கள்ளன்! அவன்தான்! விடாதே கார்ல்!" என்று டீக்மானைப் பார்த்துக் கத்தினார்.

டீக்மானின் பிடி இறுகியது. என்றாலும் அம்புறோஸுக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "நான் ஓடமாட்டேன். இதோ, இந்தப் புல்லிலேயே இருக்கிறேன். நீங்கள் போய் அடுப்பை நிறுத்துங்கள். தயவுசெய்து."

டீக்மான் அவருடைய முகத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

தோட்டத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒருவரைக் கண்டு ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஃபிரௌ ஓஸ்டர்மானின் உதடுகள் நீலமாகியிருந்தன. அம்புறோஸ் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினார். அந்த அம்மா பின்வாங்கினார். இன்னும் ஒரு அடி வைத்தால் வாசலைத் தாண்டி றோட்டுக்கே போய்விடுவார் போலிருந்தது. வாகனங்கள் விரைந்து போகிற றோட்டு. அம்புறோஸ் நொண்டிக்கொண்டு போய் ஜாக்கெட்டைத் தோட்டத்துச் சின்ன மதிலின்மேல் வைத்தார், பக்கத்தில் நூல்பெட்டியையும் வைத்தார். பிறகு பின்னால் நடந்து, வேலி முதுகில் இடிக்கும்வரை போய், இரண்டு கைகளையும் தெரியும்படி தொங்கவிட்டு நின்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த அம்மா ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நூல்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது டீக்மான் நெருப்பை அணைத்திருந்தார். எரிந்தது பால் சட்டியும் இரண்டு துணிகளும்தான், சுவரில் ஒரு பக்கம் கறுத்திருந்தது. பின்னாலேயே பொலிஸ் வந்தது. ஒரு இளம் பெண்ணும், அவரைவிட வயது கூடிய ஒரு ஆணும். சீருடையைக் கண்டதும் அம்புறோஸ் வேலியோடு இன்னும் ஒட்டி நின்றார்.

"உங்கள் அடையாள அட்டை?" என்றார் அந்தப் பெண்.

"அந்த ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது."

"அது அவருடைய ஜாக்கெட்டா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்கள்.

"இது என்னுடையது" என்றார் ஃபிரௌ ஓஸ்டர்மான் உறுதியாக, கழுத்துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு. "இவன் என் அலுமாரியைத் திறந்து திருடினான். பார்த்தேன்."

"அவன் யன்னலால்தான் வெளியே வந்தான். அதையும் சொல்லவேண்டும்" என்றார் டீக்மான். அவர் சொன்னதில் பொய் இல்லை.

வயது கூடிய பொலிஸ்காரர் அம்புறோஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொடவில்லை, வெறுமனே நின்றார். அதுவே போதுமாக இருந்தது. இனி வண்டியில் ஏற்றுவார்கள், கதவு மூடும், கொறற்றிக்கு யார் சொல்லுவது, தொழிற்சாலையில் என்ன சொல்லுவது, கடவுச்சீட்டைப் பறிப்பார்களோ என்று அவருடைய தலை பாய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட, உள்பைக்குள் இருக்கும் வளையம் ஞாபகத்துக்கு வந்து அவரைக் கலக்கியது. அதையும் எடுத்துப் பார்த்தால், இதுவும் களவெடுத்ததுதானே என்பார்கள். இல்லை என்று எதை வைத்துக் காட்டுவது? சந்தையில் யார் பற்றுச்சீட்டுக் கொடுக்கிறார்கள்?

இளம் பொலிஸ் பெண் பொறுமைசாலி. அந்த அம்மாவை ஒரு வாங்கில் இருத்தி, பக்கத்தில் குந்தி, "பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?" என்றார். நடுங்கும் விரல்கள் உள்பையில் நுழைந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தன. ஃபிரௌ ஓஸ்டர்மான் வளையத்தைத் தூரப்பிடித்துப் பார்த்தார், கிட்டப்பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார்.

"இது என்னிடம் இல்லையே" என்றார்.

"உங்களுடையது இல்லையா?"

"இல்லை. எங்கள் ரைன். ரைன் படம் போட்டது என்னிடம் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு காலம் தேடினேன்." அவருடைய குரல் கடைக்காரியின் குரலாக மாறியிருந்தது. "வார்னிஷ் ஒரு இடத்தில் உரிந்திருக்கிறது. பரவாயில்லை. யார் கொண்டுவந்தது?"

பொலிஸ் பெண் திரும்பி அம்புறோஸைப் பார்த்தார். அம்புறோஸ் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

ஃபிரௌ ஓஸ்டர்மானும் அவர் பக்கம் பார்த்தார். ஒரு கணம் ஏதோ தெரிவதுபோல இருந்தது. பிறகு கண்கள் மறுபடி அகன்றன. "அந்த ஆளைப் போகச் சொல்லுங்கள்" என்று பொலிஸ் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமாக இருக்கிறது."

ஹைகே வந்து சேரும்வரை அம்புறோஸ் தீயணைப்பு வண்டியின் படியில், யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார். ஹைகே வந்ததும் பொலிஸிடம், "இவரை எனக்குத் தெரியும், அத்தையின் நண்பர்" என்றார். அவ்வளவு சின்ன வசனம். அதற்குப் பிறகு விலாசத்தைக் குறித்துக்கொண்டு அவரைப் போகவிட்டார்கள். வீங்கிய காலோடு கார் ஓட்ட ஏலாது என்று கொறற்றி தம்பியோடு வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாட்கள் வீட்டு மணி அடித்தால் அம்புறோஸ் குளியலறைக்குள் போய் நிற்பார். பார்சல் கொண்டுவருகிறவர்தான் என்றாலும் போய் நிற்பார். நூல்பெட்டி எடுத்த கை தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோல இடைக்கிடை கையைப் பார்ப்பார். ஒருநாள் ஹைகே தொலைபேசியில், பொலிஸ் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, அத்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன் என்றார்.

"நீங்கள் கூப்பிடாவிட்டால் வீடே போயிருக்கும். டீக்மானும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஒருமுறை வந்து அத்தையைப் பாருங்களேன்."

"பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற கொறற்றியிடம், "நான் போகமாட்டன். என்னைக் கண்டா மனிசி கத்தும். கத்தினாப் பேந்தும் பொலிஸ் வரும்" என்றார்.

"நானும் வாறன். கத்தினா ரெண்டுபேரும் சேந்து ஓடுவம்" என்றார் கொறற்றி.

போனார்கள். பெட்டி எதையும் கொண்டுபோகவில்லை. ஃபிரௌ ஓஸ்டர்மான் பொது அறையில், சக்கர நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அம்புறோஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கொறற்றி முதுகில் மெல்லத் தள்ளினார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்புறோஸ் வெளிவாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டார்.

"நீங்கள்தானா? எவ்வளவு நேரம்! என் கோப்பி எங்கே?"

அங்கே வேலை செய்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். அம்புறோஸுக்கு ஒரு கணம் நெஞ்சு வலித்தது. பிறகு, "இதோ கொண்டுவருகிறேன்" என்று சொல்லி, ஓரத்து மேசையிலிருந்த குடுவையிலிருந்து கோப்பி ஊற்றிப் பால் விட்டுக் கொண்டுவந்து வைத்தார். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆடியது.

"உங்கள் கை நடுங்குகிறதே" என்றார் ஃபிரௌ ஓஸ்டர்மான். "புது ஆளா? பயப்படாதீர்கள், இங்கே யாரும் கடிக்கமாட்டார்கள். பால் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கவேண்டும்."

கொறற்றி சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் சிரித்தார். ஏன் என்று தெரியாமலே அம்புறோஸும் சிரித்தார், கண் மட்டும் அந்த முகத்தை விட்டு அகலவில்லை. எந்த நிமிடம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. புறப்படும்வரை மாறவில்லை.

காரை எடுக்கும்போது கொறற்றி கேட்டார், "பயமா இருந்ததோ?"

"ஓம். இப்பவும் கிடக்கு."

"அப்ப வாற மாசம் வேண்டாம்."

அம்புறோஸ் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினார். "வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? வருவம். பால் கொஞ்சம் கூடச் சூடா இருக்கவேணும் எண்டு சொன்னவ."